பின்வழிக் கம்பி

எங்கள் குடியிருப்புக்குள் வர ஒரே வழிதான் இருந்தது. அதற்கும் குறுக்கே ரயில்வே கேட். ரயில் வராத நேரத்திலும் மூடியே கிடக்கும். கேட் கீப்பருக்கு நம் மேல் முன்ஜென்மப் பகை என்பேன், அக்கா சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும், இருமினால் மூச்சு இழுக்கும். அதனால் வீட்டுக்குள் நான் ஜோக்கடிக்கக் கூடாதென்று அக்கா வீட்டுக்காரர், என் மாமா, தடை போட்டிருந்தார்.

அக்காவுக்கு ஆஸ்துமா. போன மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கத்த, இந்தப் பக்கம் ஆட்டோவில் அவள் நகமெல்லாம் நீலமாகிக் கிடந்தாள். கூட்ஸ் வண்டி கடந்து முடிவதற்குள் எங்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது. எப்படியோ பிழைத்தாள். அன்றிலிருந்து மாமா தையல் கடையை என் தலையில் கட்டிவிட்டு, இரண்டாவது வழி கேட்டு செருப்புத் தேய அலைந்தார். பின்பக்க மதிலை உடைத்து, வாய்க்கால் மேல் சின்னப் பாலம் போட்டால் பெரிய ரோடு வந்துவிடும். அதைக்கூடச் செய்ய மாட்டார்களா என்று வீட்டில் வந்து கத்துவார். கடைசியில் போட்டே விட்டார்கள். அக்கா பாலம் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இனிமே நான் தைரியமா இழுக்கலாம்டா" என்றாள். அவளுக்கு மட்டும் ஜோக்கடிக்கத் தடையில்லை.

வழி திறந்ததும் மணல் லாரிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். சிக்னலில் நிற்காமல் எங்கள் தெருவுக்குள் புகுந்து போனார்கள். சாக்கடை மூடிகள் நொறுங்கின. சங்கச் செயலாளர் கூட்டம் போட்டார். 'ரூல்ஸ்' என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

"பாலத்துக்கு மேல குறுக்க ஒரு இரும்புக் கம்பி வச்சிருவோம். லாரி எப்படி நுழையுதுன்னு பாக்கலாம்."

"எவ்ளோ உயரத்துல வைக்கணும்?" என்று வெல்டர் கேட்டார். எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அளவு என்றால் டெய்லர்தானே. மாமா இஞ்ச் டேப்போடு போய், உள்ளே வந்து போகும் வண்டிகளையெல்லாம் அளந்தார். அதில் உயரமானது ஸ்கூல் வேன். துணியில் தையலுக்கு விடுவதைப் போல அதற்கு மேல் ஒரு சாண் விட்டு அளவு சொன்னார். கம்பி ஏறியது, லாரிகள் நின்றன. எல்லோரும் மாமாவின் கையைக் குலுக்கினார்கள்.

ஒரு மத்தியானம் அக்காவுக்கு மறுபடி இழுப்பு வந்தது. மருந்து கேட்கவில்லை. கேட் வழக்கம்போல மூடியிருந்தது. "பின்வழியா வாங்க, நல்ல ரோடு" என்று மாமா போனில் தைரியமாகத்தான் சொன்னார். ஆம்புலன்ஸும் சீக்கிரமே வந்தது. வந்து, பாலத்தில் நின்றது.

"கம்பி இடிக்குது சார்! உள்ள வராது!" என்று டிரைவர் போனில் கத்தியது எனக்கே கேட்டது.

மாமா அக்காவை அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினார். எதிரிலிருந்து ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் ஓடி வந்தார்கள். வெல்டர் கம்பியை அறுக்க மெஷின் எடுக்க ஓடினார். கூடவே ஓடிய என் சட்டையைப் பிடித்திருந்த அக்காவின் கை பாதித் தெருவில் விட்டுவிட்டது. ஆக்ஸிஜன் வைத்தார்கள், நெஞ்சை அமுக்கினார்கள். பிறகு ஒருவர் மெதுவாக எழுந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

மாமாவைப் பார்த்ததும் இந்தப் பாவி மனிதரைக் கொன்றுவிடலாமா என்று இருந்தது. அடுத்த நிமிடமே அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யவில்லை. வெல்டர் வந்து கம்பியடியில் மெஷினோடு நின்றார். "இப்ப எதுக்கு?" என்று அவரைத் திருப்பி அனுப்பியது ரூல்ஸ்தான்.

மறுநாள் அக்காவைக் கொண்டுபோக வண்டி வந்தது. அன்றைக்கும் கேட் மூடியிருந்ததால் டிரைவர் பின்வழியைப் பிடித்தார். சின்ன வேன் அது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமா தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேன் வேகத்தைக்கூடக் குறைக்காமல் கம்பிக்குக் கீழே நுழைந்து, நேராக எங்கள் வாசலில் வந்து நின்றது.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இடிக்கவே இல்லையேடா" என்றார்.