கலீல் நானா வாய்திறக்காத பத்து நிமிடம்

திருகோணமலையில் வெயில் இல்லாத மாதம் எது என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம். இருந்தாலும் கொழும்பிலிருந்து வந்தவர்கள் அதற்குக் 'கோடைகாலத் திரைப்படச் சான்றிதழ்க் கற்கைநெறி' என்றுதான் பெயர் வைத்தார்கள். எட்டு வாரம், பன்னிரண்டு பேர், துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு கடைக்கு மேலே மண்டபம். கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி பஸ்ஸில் போய்ப் படித்தவள் றுஷ்தா ஒருத்திதான். அதற்கும் உம்மாவிடம் அழுது, மூத்தவன் நிப்றாஸ் நானாவிடம் ஒரு மாதம் கெஞ்சவேண்டியிருந்தது.

இப்போது சான்றிதழ் கையில் இருக்கிறது. அவளுடைய படத்துக்குத்தான் முதலிடம். ஆனால் அந்தப் படத்தைத் திறந்து பார்க்கவும் அவளுக்கு மனமில்லை. பக்கத்து வீட்டு ஸாலிஹா ராத்தாவுக்கு அதை இன்னும் காட்டவுமில்லை.

படத்தில் வருகிற மீனவர் ஸாலிஹாவின் புருசன், கலீலுர் றஹ்மான். படம் எடுத்து முடிந்து மூன்றாம் கிழமை கச்சான் காற்றில் அவருடைய தோணி புரண்டது. நாலாம் நாள் இறக்கக்கண்டிக் கரையில் ஒதுங்கினார். பார்க்கிற நிலையில் இல்லையென்று ஜனாஸாவை மூடியபடியே கொண்டுவந்து, மூடியபடியே அடக்கினார்கள். அவருடைய ஃபோனும் அவரோடு கடலுக்குள் போய்விட்டது. ஸாலிஹாவுக்கு மிஞ்சியது அடையாள அட்டையிலும் கலியாண அல்பத்திலும் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிற ஒரு கலீல். உயிரோடிருந்த கலீலோ வாய் ஓயாத மனுசன்.

புருசனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் ஸாலிஹா இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போக ஏலாது, அதனால் பட்டணத்தில் படம் காட்டிய அன்று அவள் வரவில்லை. படத்தைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி மூன்று தரம் ஆள் அனுப்பிவிட்டாள். கலீல் உயிரோடிருந்தபோது, படத்தில் தான் வாய் நிறையக் கதைத்ததாகவும், அவள் ஆக்குகிற புளியாணத்தைப் பற்றியும் சொல்லியிருப்பதாகவும் அவளிடம் பெருமையடித்திருக்கிறார். அந்தக் குரலை ஒரு தரம் கேட்டால் போதும் என்றுதான் அவள் காத்திருந்தாள்.

ஓம், கதைத்தார். கோதாரி, அதுதானே விசயமே! கமராவைக் கண்டால் கலீலுக்குத் தலைகால் புரியாது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கமராவை நிமிர்ந்து பார்த்து, புளியாணத்தில் உப்புக் குறைவென்று பெண்சாதியைப் பகிடி பண்ணுவார். இந்தப் படத்துக்குக் கதாநாயகி யார் என்று கேட்பார். முதல் வாரம் எடுத்ததைப் பார்த்த ஜெயரூபி மிஸ், படிப்பிக்க வந்தவ, உதட்டைச் சுழித்தா. முகத்தையும் கதையையும் எவரும் எடுப்பார்கள், கையை எடு, முதுகை எடு, கடலைப் பேசவிடு என்றா. கடல் என்ன பேசும்? ஆனாலும் றுஷ்தா அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டாள்.

பன்னிரண்டு பேருக்கும் நாலே நாலு மெமறி கார்ட். எட்டு வாரத்துக்கும் சேர்த்து ஆளுக்குப் பத்து நிமிடம்தான் கணினியில் வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் நல்லதைத் தெரிந்தெடுத்து ஏற்றிவிட்டு, மிச்சத்தை அழித்துக் கார்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். யாரும் அவள் கையைப் பிடித்து அழிக்கவைக்கவில்லை. கலீல் கதைத்ததையெல்லாம் மூன்று வெள்ளிக்கிழமை அவளே தன் விரலால் அழித்தாள். அழித்தபோது, முற்றம் கூட்டி முடித்த மாதிரி ஒரு திருப்தி வேறு.

அவர் மௌத்தான பிறகு பட்டணத்துக்கு ஓடினாள். நாலு கார்டையும் வாங்கி, ஒரு கணினிக்கடையில் கொடுத்து மீட்கப் பார்த்தாள். வேறு யாரோ எடுத்த கோயில் தேரும், ஒரு பிறந்தநாள் கேக்கும் வந்தன. கலீல் வரவில்லை.

பின்னேரம் அஸர் தொழுத கையோடு, படத்தை ஏற்றி வைத்திருந்த மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஸாலிஹாவின் அறைக்குப் போனாள். ஸாலிஹா வெள்ளைச் சேலையில் பாயில் இருந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள், புருசனைப் பார்க்கப் போகிறவள் அல்லவா. படம் ஆறு நிமிடம் ஓடியது. கை, வலையூசி, வெடித்த பாதம், முதுகு, தண்ணீர். பட்டணத்தில் சனம் எழும்பி நின்று கைதட்டிய படம்.

"முகம் எப்ப வரும் புள்ள?" என்று ஸாலிஹா கேட்டாள்.

றுஷ்தா பொய் சொல்லத்தான் யோசித்தாள், வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மிஸ் சொன்னதை, கார்டை, பத்து நிமிடக் கணக்கை, தான் அழித்ததை. ஏசுவாள் என்று பார்த்தால் அவள் ஏசவுமில்லை. ஏசியிருந்தாலாவது றுஷ்தாவுக்கு அழ வழியிருந்திருக்கும். படத்தில் சேர்க்காமல் விட்ட நாலு நிமிடம் இன்னும் இருக்குமே, அதையாவது போடு என்றாள்.

போட்டாள். விடியற்காலைக் கரை. தோணியடியில் கலீலின் முதுகு. ஏதோ சொல்ல வந்தவர் போல மூச்சை இழுத்து, தோள் உயர்ந்து, இந்தப் பக்கம் திரும்ப எத்தனிக்கிறார். அந்த நேரம் கமராவுக்குப் பின்னாலிருந்து றுஷ்தாவின் குரல் கேட்டது. "நானா, கதைக்காதீங்க. இந்தப் பக்கம் திரும்பவும் வேணாம்."

தோள் இறங்கியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டிவிட்டுக் கலீல் வலையை மடித்தார். மிச்சம் முழுக்க அலைச் சத்தம்தான்.

ஸாலிஹா இன்னொரு தரம் போடச் சொன்னாள். பிறகு இன்னொரு தரம். மூன்றாம் தரம், அந்தத் தோள் உயருகிற இடத்தில் திரையில் விரலை வைத்தாள். றுஷ்தா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"நீ சொன்னதக் கேட்டிருக்காரு புள்ள," என்றாள் ஸாலிஹா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்டைக்குக் காத்துச் சரியில்ல, போகாதீங்கண்டு நானும் சொன்னனான்."