பின்னறை: அமைதி

சமையலறை இந்த மாதம் முப்பத்தொன்று. முன்னறை இரண்டு. மாடி இந்த வருஷம் ஒன்றுமில்லை, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. பின்னறை அமைதி. இருபத்தாறு வருஷமாக அமைதி. இன்றைக்குப் பார்த்து அது வாயைத் திறந்துவிடக் கூடாது. அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றவள், மனசுக்குள் இதையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள். மகள் இந்நேரம் வந்து இறங்கியிருப்பாள், நாற்பது நாள் குழந்தையோடு.

அந்தத் தெருவில் நிலநடுக்கம் வருவது அவள் வீட்டுக்கு மட்டும்தான். அதுவும் அறை அறையாகத்தான் வரும். கல்யாணமாகி எட்டாம் நாள் சமையலறை முதன்முதலாக ஆடியது. தட்டுகள் அலமாரியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி உடைந்தன. ஒரு சுவர் தள்ளி முன்னறையில், அவள் கணவர் மேஜைமேல் பிரித்துப் போட்டிருந்த கைக்கடிகாரத்தின் எறும்புத்தலைத் திருகாணிகளில் ஒன்றுகூட உருளவில்லை. கடிகாரம் பழுதுபார்ப்பது அவர் தொழில். கண்ணில் செருகியிருந்த லென்ஸை எடுத்துவிட்டு, "பூனையா?" என்று கேட்டார். கட்டட இன்ஜினீயர் ஒருவர் வந்து அஸ்திவாரத்தைத் தட்டிப் பார்த்தார், இரண்டு தடவை டீ குடித்தார், கட்டடத்தில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு தெரு பழகிக்கொண்டது. தபால்காரர் வாசல் சுவரில் கை வைத்துப் பார்த்து, ஆட்டம் நின்ற பிறகு கடிதத்தைப் போடுவார். மாடி ஏழு வருஷத்துக்கு ஒருமுறை ஆடும். அப்படி ஆடிய ஒரு மத்தியானத்தில்தான் மகள் பிறந்தாள்.

அவள் வேலை நில அதிர்வுப் பதிவு அலுவலகத்தில். எந்தப் பகுதி எப்போதெல்லாம் ஆடியது, எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை ஆடுகிறது என்று பகுதிவாரியாகப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மலையடிவாரம் வருஷத்துக்கு நாற்பது தடவை முனகும். கடலோரம் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒன்று. சமவெளியில் முந்நூறு வருஷத்துக்கு ஒன்று, அதுவும் யாராவது ஒரு பழைய கடிதத்தில் குறித்து வைத்திருந்தால். இது தவிர இன்னொரு வகை உண்டு. இரண்டு பக்கமும் நிலம் நகர்ந்துகொண்டிருக்கும், நடுவில் ஒரு துண்டு மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும், நகராத வருஷங்களின் இறுக்கத்தையெல்லாம் உள்ளே சேர்த்துக்கொண்டு. அதற்கு எதிரே சிவப்புப் பென்சிலால் 'அமைதி' என்று எழுதுவது அந்த அலுவலகத்தின் வழக்கம். வெளியாள் பார்த்தால் நற்சான்று என்று நினைத்துக்கொள்வான். உள்ளே இருப்பவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். "எங்க வேணா மாத்தல் போடுங்க, சிவப்புப் பென்சில் ஊருக்கு மட்டும் வேண்டாம். இன்னும் என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகல" என்பார் வரைபடக்காரர். எல்லாரும் சிரிப்பார்கள்.

வீட்டுக்கும் அதே முறையில் ஒரு நோட்டு போட்டாள். அறை, தேதி, எத்தனை நொடி, விழுந்த சாமான்கள். மாதக் கடைசியில் பின்னறைக்கு எதிரே சிவப்புப் பென்சில். அங்கே ஜன்னலோரம் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய ஒரு கண்ணாடி டம்ளர் வைத்திருந்தாள். வற்ற வற்ற நிரப்பினாள். அது ஒருநாளும் அசைந்ததில்லை. அறையில் எறும்பு வராது. பெருக்கப் போனால் தரை காலடியில் விறைப்பாக இருக்கும், யாரோ மூச்சை இழுத்துப் பிடித்த வயிறு மாதிரி. சுவரில் காதை வைக்க அவளுக்குப் பயம். ஒருமுறை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு காதை வைக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அவளைப் பற்றிச் சொன்னதே, "பொண்ணு ரொம்ப அமைதி" என்பதுதான். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தாள். கணவர் எதைக் கேட்டாலும் 'சரி', மகள் எதைக் கேட்டாலும் 'சரி'. அந்தச் சரிகள் எல்லாம் எங்கே போய்ச் சேருகின்றன என்று சில சமயம் யோசிப்பாள். உடனே வேறு எதையாவது யோசிப்பாள்.

போன வருஷம் வரைபடக்காரருக்கு மாற்றல் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு வருஷமாகச் சிவப்புப் பென்சிலில் இருந்த ஊர். "காத்து நல்லா இருக்கு, ஈ காக்கா சத்தமில்ல" என்று ஒரு கார்டு போட்டிருந்தார். கார்டு வந்து சேருவதற்கு முந்தைய நாளே அந்த ஊர் நாற்பது நொடியில் போய்விட்டது. பதிவேட்டில் அவள்தான் ஏற்றினாள். 'அமைதி' என்ற சொல்லை அடிக்கப் போட்ட கோடு அலை அலையாக விழுந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மருமகன் நோட்டும் கையுமாக எதிரே வந்தான். மருந்துக்கடை வைத்திருப்பவன், எந்தக் காகிதத்தையும் ஒருதடவை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பான்.

"அத்தை, நீங்க பெரிய ஆள். எந்த ரூம் எப்ப ஆடும்னு அப்படியே புட்டுப்புட்டு வச்சிருக்கீங்க. பின்னறை மொத்தமும் அமைதி. தொட்டிலை அங்கதான் கட்டியிருக்கேன்."

பின்னறைக் கதவு திறந்திருந்தது. தொட்டிலின் நிழல் தரையில் ஆணி அடித்தது போல நின்றது. அந்தத் தரையில் அவள் எப்படி நடந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு சமையலறையில் வந்துதான் நின்றாள்.

"அம்மா, உனக்கென்ன கிறுக்கா? தினம் ஆடுற எடத்துலயா கொண்டுவந்து வைப்பே?" என்றாள் மகள்.

"எங்க ஆபீசுல அமைதின்னா நல்ல வார்த்தை இல்ல."

சொல்லத் தொடங்கியபின் நிற்கவில்லை. பல்லைக் கடித்து நிற்கும் நிலம், வரைபடக்காரர், நாற்பது நொடி, மூச்சைப் பிடித்த தரை. அந்த வீட்டில் அவள் இத்தனை நேரம் சேர்ந்தாற்போல் பேசியது அதுவே முதல் தடவை. கணவர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கக்கூட மறந்து வந்து நின்றார்.

"பொண்ணு ரொம்ப அமைதின்னுதானே உன்னையும்..." என்று வேடிக்கையாக ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார்.

அப்போது பின்னறையில் 'க்ளிங்' என்று ஒரு சத்தம். நாலு பேரும் திறந்திருந்த கதவுப் பக்கம் திரும்பினார்கள். டம்ளரில் தண்ணீர் ஒரு வட்டம் போட்டது. விளிம்பைத் தாண்டி ஒரு சொட்டு ஜன்னல் கட்டையில் வழிந்தது. தொட்டில் இரண்டு தடவை லேசாக ஆடி நின்றது.

கணவர்தான் முதலில் அசைந்தார். நோட்டை வாங்கி, மணி பார்த்து, பின்னறைக்கு எதிரே நீலப் பேனாவால் எழுதினார்: இரண்டு நொடி, ஒரு சொட்டு. மழை அளவு குறிப்பது போலத்தான் இருந்தது அவர் முகம்.

மருமகன் மூச்சு விட்டான். "அப்பாடா. ஆடிடுச்சே அத்தை. இனிமே பயமில்லையே?"

மகள் இரண்டு கைகளையும் நீட்டினாள். "கொடும்மா. தொட்டில்ல போடறேன். தூங்கட்டும்."

சமையலறைத் தரை வழக்கம்போல மெதுவாக ஆட ஆரம்பித்தது. அலமாரியில் தட்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. குழந்தை அந்த ஆட்டத்திலேயே கண் சொருகித் தூங்கிவிட்டது. அவள் அதைத் தோளில் இறுக்கிச் சாத்திக்கொண்டாள். குரல் மட்டும் ஆடவில்லை.

"இல்லம்மா, தரமாட்டேன்" என்றாள். "அது இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கு."