ஞாயிற்றுக்கிழமை மழை

ரிவர்ஸ்டன் மலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மழை பெய்வதே இல்லை. அங்குள்ள தேயிலைத் தோட்டத்தின் பதின்மூன்று வருட மழைப் பதிவேட்டைப் புரட்டி நான் கண்டுபிடித்த மகத்தான உண்மை இது. இன்றைய மழையை வைத்து நாளைய மழைக்கான நிகழ்தகவைச் சொல்லும் மார்க்கோவ் சங்கிலிதான் என் பட்ட ஆய்வு. ஆறு நாட்கள் சமர்த்தாக ஓடிய சங்கிலி ஏழாம் நாள் அறுந்தது.

“நிஹ்லா, மழைக்குக் கிழமை தெரியுமா?” என்று பேராசிரியர் ஆய்வேட்டைத் திருப்பித் தந்தார். பத்து நாளில் காரணம் சொல்லாவிட்டால் இந்த வருடம் பட்டம் இல்லை. உம்மாவிடம் பொரிந்து தள்ளிவிட்டு, மறுநாள் காலையிலேயே மாத்தளையில் பஸ் ஏறினேன்.

தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் சுந்தரலிங்கம்தான் காலை எட்டு மணிக்கு மழைமானியை அளந்து எழுதுபவர். முத்து முத்தான கையெழுத்து, ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. என் ஆய்வு தடைப்பட்ட கதையைச் சொல்லிக் கேட்டேன்.

“அங்கிள், ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் எல்லாம் சைபர்?”

“அன்னைக்கி ஆபீஸ் லீவு இல்லீங்களா மிஸ்? கட்டம் வெறுமையா கெடந்தா தொரை ஏசுவாரு. அதான் சைபர் போட்டுருவேன். தண்ணி எங்க போயிரப் போகுது? திங்கக்கெழம சேத்து அளந்துருவேன்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் முகம் சுண்டிப்போனது.

“அப்ப நான் பொய் எழுதிட்டேனுங்களா?”

சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். “இல்ல அங்கிள். ஒரு சொட்டும் குறையல்ல. எந்த நாள் பேஞ்சதெண்டுதான் தெரியல்ல.”

தெரியாததோடு மல்லுக்கட்டத்தானே நிகழ்தகவு இருக்கிறது! ஞாயிறுகளின் சைபர்களை எல்லாம் நீக்கினேன். திங்களன்று அளந்த மழை ஞாயிறு கணக்கில் சேருமா, திங்கள் கணக்கில் சேருமா, இரண்டிலுமா என்று மூன்று வழிகளையும் சேர்த்துக் கணக்கிட்டேன். சங்கிலி அழகாகப் பொருந்தியது. பேராசிரியர் கையெழுத்து வைத்தார். உம்மா இனிப்புக்கு வட்டிலப்பம் செய்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஆய்வேட்டைக் கொடுத்த மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் போன் அடித்தது. சுந்தரலிங்கம். பின்னால் மழை இரைந்துகொண்டிருந்தது.

“மிஸ், பதினெட்டு மில்லிமீட்டர். எழுதிக்கிறீங்களா?”

“இண்டைக்கு லீவுதானே அங்கிள்?”

“இருக்கட்டுங்க மிஸ். இனிமே ஞாயித்துக்கெழமயும் வந்து அளந்து சொல்றேன். ஒங்க படிப்பு என்னால கெட்டுப்போகக் கூடாதுங்க.”

படிப்பு முடிந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல மனம் வரவில்லை. பேனாவைத் தேடி எடுத்து, ஒரு புதுக் கொப்பியின் முதல் பக்கத்தில் பதினெட்டு என்று எழுதினேன்.