திரும்பி வருவது வேலையல்ல

மனிதகுல வரலாற்றில் அது ஒரு பொன்னாள் என்று மேடையில் அறிவித்தார்கள். சாப்பாடு டெலிவரி செய்யும் கம்பெனி ஒன்று, தன் ஆட்களுக்கு விபத்துக் காப்பீடு தந்துவிட்டது. பொட்டலம் பையில் இருக்கும்வரை அவர்கள் 'முன்னேற்றப் பங்காளிகள்'. கதவைத் தட்டி அதைக் கொடுத்த மறுநொடி வெறும் பொதுமக்கள்.

சுருட்டை என்று சக ஆட்கள் கூப்பிடும் பெண், பொதுமக்களாக இருந்தபோதுதான் விழுந்து தொலைத்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பும் வழி, மழைத்தண்ணீர் மூடிய பள்ளம், முழங்கை நொறுங்கியது. தகடு வைக்காவிட்டால் கை மடங்காது, வண்டியை மறந்துவிடலாம் என்றார் டாக்டர். காப்பீடு தன் கையை விரித்தது.

கட்டுப்போட்ட கையோடு மேலாளரைப் பார்க்கப் போனாள்.

"திரும்பி வர்றது உங்க சொந்தப் பயணம்மா. பூங்காவுக்குப் போறீங்களோ, படத்துக்குப் போறீங்களோ, யார் கண்டா?"

"அப்போ அது வேலையில்லைன்றீங்க?"

"இல்லவே இல்லை. அது உங்க சுதந்திரம்!"

படியிறங்கி வந்தவள், கீழே காத்திருந்த சக டெலிவரி ஆள் நெட்டையனிடம் சொன்னாள்: "கேட்டியாடா? வேலையில்லாததை நாம எதுக்குச் செய்யணும்?"

மறுநாள் மதியம் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு வழக்கம்போல அதன் செயலி வழியாகவே சாப்பாடு வந்தது. கொண்டுவந்தவர்கள்தான் போகவில்லை. படிக்கட்டில், லிஃப்ட் வாசலில், கூட்ட அறையின் கம்பளத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அடுத்த பொட்டலத்தை எடுக்க வெறும் பையோடு கடைக்குப் போக வேண்டும். வெறும் பை வேலையல்லவே. இதைக் கேள்விப்பட்டு, ஊரெங்கும் மற்றவர்களும் கொடுத்த வாசலிலேயே உட்கார்ந்தார்கள். கடைகளில் பொட்டலங்கள் ஆறின. தொலைபேசிகள் அலறின.

மேலாளர் ஓடிவந்தார். "எந்திரிங்கப்பா! ஊரே பசியில கத்துது!"

"சுதந்திரத்துல இருக்கோம் சார், தொந்தரவு பண்ணாதீங்க" என்றான் நெட்டையன், காலை நீட்டியபடி.

மேலாளர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "சரி, திரும்பி வர்றதையும் சேர்த்துக்கறோம். நாளையிலேர்ந்து."

பாதிப்பேர் பையைத் தூக்கிவிட்டார்கள்.

"உட்காருங்கடா" என்றாள், கட்டுப்போட்ட கையோடு படிக்கட்டில் அவர்களோடு உட்கார்ந்திருந்த சுருட்டை. "என் கை நாளைக்கா சார் உடையப்போகுது?"

தூக்கிய பைகள் கீழே இறங்கின. நெட்டையன் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேவிட்டான். மேலாளர் அவனைத் தாண்டி மறுபடி உள்ளே போனார். இருட்டுவதற்குள் அவள் விழுந்த நாளையும் சேர்த்தே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

தகடு வைத்தார்கள், கை மடங்கியது. திரும்பும் வழிக்கும் காப்பீடு தந்ததற்காக, அந்த ஆண்டின் சிறந்த புதுமைக்கான விருதை மேலாளர் வாங்கினார்.