மாமா பிடித்த கம்பஸ்

கஜானிக்கு ஏ.எல். பரீட்சையில், வர்த்தகப் பிரிவில் மூன்று ஏ வந்த அன்று, பெரியமாமா தியாகலிங்கம் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "கொமேர்ஸிலையோ? நல்லது."

அந்த 'நல்லது' எப்படிப்பட்டது என்று கஜானிக்குத் தெரியும். அம்மாவின் குடும்பத்தில் படிப்பு என்றால் மருத்துவம், இல்லாவிட்டால் பொறியியல். இரண்டும் எட்டாத பிள்ளைகள் கணக்கியல் படிப்பார்கள். கல்யாண வீடுகளில் அவர்களைப் பற்றி ஒருவரும் விசாரிக்கமாட்டார்கள். மாமா அரசாங்கப் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலையை விட்டு எத்தனையோ வருடமாகியும் உடுவிலில் அவர் வீட்டு வாசற் படலையில் 'பொறியியலாளர்' என்ற பலகை மட்டும் ஓய்வு பெறவில்லை. கஜானியின் அப்பா மார்க்கண்டு சுன்னாகம் சந்தையில் மொத்தமாக வெங்காயம் வாங்கி விற்பவர். அவர் அந்த வீட்டுக்குப் போனால் மாமா மரியாதையாகக் கதிரையைக் காட்டிவிட்டு, எழுந்து போய் யன்னலைத் திறந்துவிடுவார்.

கஜானி நிதித்துறை படிக்க ஆசைப்பட்டதற்குக் காரணம் மாமாதான் என்றும் சொல்லலாம். அவள் ஓ.எல். பரீட்சை எழுதிய வருடம் நாடு முழுக்க டீசலுக்கு வரிசையில் நின்றது. அப்பாவின் வெங்காயம் லொறியிலேயே முளைவிட்டது. ரூபாய் ஏன் இப்படி விழுகிறது என்று மாமாவைக் கேட்டாள். "கள்ளர்" என்றார் மாமா. அதுவும் ஒரு பதில்தான். ஆனால் இவ்வளவு படித்த மனிதருக்கு அதற்கு மேல் ஒரு வசனம் வரவில்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு அவளே மத்திய வங்கியின் அறிக்கைகளைக் கைத்தொலைபேசியில் இறக்கி வாசித்தாள். பாதி விளங்கவில்லை. விளங்காத அந்தப் பாதிதான் அவளை விடாமல் பிடித்துக்கொண்டது.

"ஃபினான்ஸோ?" என்று அம்மா மீனாம்பிகை பயந்தாள். "லீசிங் காசு கட்டேல்லையெண்டு ஓட்டோ பறிக்கிறவங்களோடை உனக்கென்ன வேலை?"

"அதில்லையம்மா. ஜயவர்த்தனபுர கம்பஸிலை அதுக்கெண்டு தனிப் பட்டம் இருக்கு. என்ரை புள்ளிக்குக் கிடைக்கும்."

"எதுக்கும் அண்ணையிட்டை ஒரு சொல்லுக் கேப்பம்."

கேட்கத் தேவையிருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவே வந்தார். வந்து, தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டதென்று சொல்லி, பிறகு தீர்ப்பைச் சொன்னார்.

"உந்த அரசாங்கக் கம்பஸுகளிலை என்ன கிடக்கு? ஒரு கிழமை படிப்பு, ஒரு மாசம் ஸ்ட்ரைக். மிச்ச நேரம் ராகிங். நான் கொழும்பிலை ஒரு இடம் பாத்து வைச்சிருக்கிறன். பிரைவேற். லண்டன் பட்டம். மூண்டு வருசத்திலை கையிலை."

"ஆர் மாமா படிப்பிக்கிறது?"

"அதெல்லாம் பிறகு பாக்கலாம். முதல்லை சூழல் முக்கியம். நல்ல குடும்பத்துப் பிள்ளையள் வருகுதுகள்." அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "கடைக்காரற்றை பிள்ளையள் மாதிரி இல்லை."

அப்பாவும் சிரித்தார். "அத்தான் சொன்னால் யோசிச்சுத்தான் சொல்லுவார்" என்றார்.

கஜானிக்கு இருவர் மேலும் ஒரே அளவு எரிச்சல் வந்தது. மாமாவின் மேல் வந்ததில் புதினம் இல்லை. அப்பாவின் அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சந்தையில் ஒரு கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைக்க மறுத்து நாள் முழுக்க நிற்கிற மனிதர், மைத்துனருக்கு முன்னால் மட்டும் மகளையே இலவசமாகத் தூக்கிக் கொடுத்துவிடுவார்.

அந்த நிறுவனத்தின் அறிமுகக் கூட்டம் யாழ்ப்பாண நகரில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. மாமா தன் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு அப்பாவின் வான் வண்டியில் முன் இருக்கையில் ஏறினார். கஜானியும் அம்மாவும் பின்னால். மண்டப வாசலில் ஆளுயரப் பதாகை ஒன்றில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் புல்லில் படுத்துக்கொண்டு மடிக்கணினியைப் பார்த்துச் சிரித்தார்கள். கணினியைப் பார்த்து ஏன் அப்படிச் சிரிக்க வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை. உள்ளே குளிரூட்டி குளிரைக் கொட்டியது. பெற்றோர் எல்லோரும் கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதப் போவது தாங்கள்தான் என்பதுபோல இருந்தார்கள்.

அவர்களுக்கு ஒதுக்கிய மேசையில் லவீனா என்ற ஆலோசகர் இருந்தாள். கறுப்புக் கோட்டு, கஜானியைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மாமாவைக் கண்டதும் எழுந்து நின்றாள். மாமா அதை எல்லோரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"பட்டம் தாறது எந்த யூனிவேசிற்றி, அக்கா?" என்று கஜானி கேட்டாள்.

"எங்களுக்கு ரெண்டு மூண்டு பார்ட்னர்ஸ் இருக்கினம். நீங்கள் ஃபைனல் இயர் வாற நேரம் ஆர் இருக்கினமோ, அவையின்ரை பட்டம்."

கஜானி அவள் பகிடி விடுகிறாள் என்று நினைத்தாள். லவீனாவின் முகத்தில் பகிடி இல்லை.

"ஃபினான்ஸ் பாடங்களை ஆர் எடுக்கினம்?"

"எல்லாம் இண்டஸ்ட்ரியிலை இருக்கிற ஆக்கள்."

"ஃபினான்ஸ் முடிச்ச ஆக்கள் இப்ப எங்கை வேலை செய்யினம்?"

லவீனாவின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது. "நானே இஞ்சை ஃபினான்ஸ் முடிச்சனான்தானே!"

மாமா பெருமையோடு தலையாட்டினார். நிதித்துறை படித்துவிட்டு, நிதித்துறை படிக்க ஆள் பிடிக்கிற ஒரு பெண்ணைக் காட்டி, இதைவிட உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பதுபோல இருந்தது அந்தத் தலையாட்டல். கஜானிக்கு லவீனாவில் கோபம் வரவில்லை. அவளுக்கு இந்தக் கதிரையாவது கிடைத்திருக்கிறது.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் லவீனா மாமாவின் பக்கம் சாய்ந்து, நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னாள். "சேர், நீங்கள் கொண்டந்த மற்ற மூண்டு பிள்ளையளின்ரை கொமிஷன் உங்கடை எக்கவுண்டுக்குப் போட்டாச்சு. இந்தத் தங்கச்சியின்ரை அட்மிஷன் முடிஞ்ச உடனை இதுவும் வரும்."

அம்மா கேக்கை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே இறக்கினாள். மாமா இருமினார். "அது... ஒரு ஒனறேரியம், மதிப்பூதியம் மாதிரி" என்றார் பொதுவாக.

திரும்பி வரும்போது பாதி வழியில், வானுக்குள் பேச்சைக் கஜானிதான் தொடங்கினாள்.

"மாமா, நான் எத்தினையாவது பிள்ளை? நாலாவதோ?"

"கஜானி!" என்றாள் அம்மா.

"அவள் கேக்கட்டும்," என்றார் மாமா திரும்பாமல். "என்னை ஆரெண்டு நினைச்சுக் கதைக்கிறாய்? முப்பது வருசம் சேர்விஸ் செய்தனான். ஒருத்தன்ரை சல்லி தொட்டதில்லை. ஒரு பிள்ளையை நல்ல இடத்திலை விட்டால், அவை ஒரு மரியாதைக்குத் தாறது..."

அப்பா கியரை மாற்றினார். வழக்கமான அதே பணிவோடு சொன்னார். "விடு பிள்ளை, மாமாவை ஒண்டும் சொல்லாதை. தரகு வாங்கிறது ஒரு பிழையே? நானும் வாங்கிறன்தானே. அத்தான், நீங்கள் மனசிலை வைக்காதேங்கோ. எங்கடை தொழிலிலை இது சகஜம்."

மாமா அப்பாவின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். கஜானி சொன்ன எதுவும் அவரை இப்படித் தாக்கியிருக்கவில்லை.

"எங்கடை தொழிலோ?" என்றார். "என்ன கதைக்கிறீர் மார்க்கண்டு? உம்மையும் என்னையும் ஒரு தராசிலை வைக்கிறீரோ?"

"இல்லை அத்தான், நான் சும்மா..."

"நிப்பாட்டும். வானை நிப்பாட்டும்."

உடுவிலுக்கு இன்னும் நல்ல தூரம் கிடந்தது. மாமா இறங்கி, கோட்டைக் கழற்றாமலே, வெய்யிலில் நடக்கத் தொடங்கினார். அம்மா "அண்ணை, அண்ணை" என்று யன்னலால் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. அப்பா வானைக் கொஞ்சத் தூரம் அவருக்குப் பின்னால் ஊரவிட்டுப் பார்த்தார். பிறகு முந்திக்கொண்டு வந்துவிட்டார். அப்பா அதை வேண்டுமென்றே சொன்னாரா, வெள்ளை மனதோடு சொன்னாரா என்று கஜானியால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டபோது, "நான் என்ன பிழையாச் சொல்லிப்போட்டன்?" என்றார்.

அன்றிலிருந்து மாமா அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. கஜானி விண்ணப்பத்தில் ஜயவர்த்தனபுரவை முதலாவதாகப் போட்டாள், கிடைத்தது. செய்தி உடுவிலுக்குப் போனதும், பெண் பிள்ளையைத் தனியே சிங்கள ஊருக்கு அனுப்புகிறார்கள், வியாபாரிக்குப் புத்தி அவ்வளவுதான் என்று மாமா சொன்னதாகக் காதில் விழுந்தது. மாமா காட்டிய இடமும் அதே கொழும்புப் பக்கத்தில்தான் இருந்தது என்பதை ஒருவரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

அவள் புறப்பட்ட காலையில் சுன்னாகம் ரயில் நிலையத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள். பயணத்துக்காக அல்ல.

"மாமாவுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிப்போட்டுப் போவன். எனக்காக."

கஜானி எடுத்தாள். "மாமா, நான் கம்பஸுக்குப் போறன். ஸ்டேஷனிலை நிக்கிறம்."

மறுமுனையில் தொண்டையைச் செருமிக்கொண்டு மாமா தொடங்கினார். நிதித்துறை என்றால் என்ன, அதில் முன்னுக்கு வர என்ன குணங்கள் வேண்டும், தான் அந்த நாளில் எப்படிப் படித்தார், யாரோடு பழகக்கூடாது. அந்தக் குரலில் வெட்கம் ஒரு துளியும் இல்லை. படலைப் பலகை வாயெடுத்துப் பேசுவதுபோல இருந்தது. கஜானி ஒலிபெருக்கியைப் போட்டு, தொலைபேசியை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

அம்மா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். "ஓமண்ணை, ஓமண்ணை" என்று சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்துகொண்டு வந்தது.

கஜானி தள்ளிப்போய், பைகளுக்குக் காவல் நின்ற அப்பாவோடு நின்றாள்.

"என்னவாம் மாமா?" என்று கேட்டார் அப்பா.

"தெரியேல்லை அப்பா. நான் கேக்கேல்லை."

அப்பா தலையாட்டிவிட்டு, ரயில் வருகிற திசையை எட்டிப் பார்த்தார்.