மாரியில் இறைத்த தடாகம்

வெடித்துப்போன நீச்சல் தடாகத்தைச் சுற்றி அன்று காலை நின்றவர்கள்: கிளப் செயலாளர் நல்லரத்தினம், சமையல் பார்க்கும் குசினிக்காரன் சாலிஹ், தடாகத்தைப் பார்த்துக்கொள்ளும் சிறில், கிளப்பின் மேசைச்சீலைகளைத் துவைக்கும் அவனுடைய பெண்சாதி பீற்றிஸ்.

கல்லடியில் வாவிக்கரையோரம் இருந்த அந்தக் கிளப்பில் சிறிலுக்குச் சம்பளத்தோடு ஓர் அறையும் உண்டு. அதற்கு முன் இருவரும் அவனுடைய தமையன் வீட்டுத் தாழ்வாரத்தில் படுத்து, தமையன் பெண்சாதியின் வாயால் வேண்டாததெல்லாம் கேட்டவர்கள். அந்த அறைக்காகவே சிறில் தடாகத்தைக் கட்டியழுதான். கச்சான் காற்றில் மணலும் சருகும் வந்து விழும், வலையால் அள்ளுவான். வெயிலில் பாசி பிடிக்கும். குளோரின் தூளைக் கரைத்து ஊற்றிக் கை வெந்து நிற்பான். மாரியில் ஒரே ஒரு சட்டம்தான்: தடாகத்தை வெறுமையாக்கக் கூடாது. வாவி ஏறினால் நிலத்தடி நீரும் ஏறும். மேலே பாரம் இல்லாவிட்டால் அது தடாகத்தின் அடியைத் தூக்கிவிடும்.

நத்தார்ப் பண்டிகைக்கு விருந்தினர் வர இருந்தார்கள். மழைவெள்ளம் கலந்து தண்ணீர் சாணிக் கரைசலாகக் கிடந்தது. குளோரினுக்கு அசையவில்லை; இறைத்துப் புதுத் தண்ணீர் விட வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பீற்றிஸின் தம்பி, தோணிக்கார டொமினிக், நாளைக்கு முகத்துவாரம் வெட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். கடல்வாயை அடைத்த மணலை வெட்டிவிட்டால் வாவி மளமளவென்று இறங்கும், அதோடு நிலத்தடி நீரும் இறங்கும். வயல் வட்டையெல்லாம் வெள்ளத்தில் கிடக்கும்போது வெட்டாமல் விடுவார்களா என்று சிறில் நினைத்தான். வெட்டின பிறகு இறைக்கலாம், பொறுங்கள் என்று பீற்றிஸ் சொன்னாள். அவன் கேட்கவில்லை. அன்று பின்னேரமே பம்பைப் போட்டு முழுவதையும் இறைத்துவிட்டான்.

மறுநாள் வெட்டவில்லை. இறால் எல்லாம் கடலுக்கு ஓடிவிடும் என்று தோணிக்காரர்கள் போய் மறித்துவிட்டார்கள். அதற்கடுத்த விடியலில் தடாகத்தின் அடித்தளம் மேலே வயிறு தள்ளி வெடித்திருந்தது.

நல்லரத்தினம் சத்தம் போடவில்லை. யார் இறைக்கச் சொன்னது என்று மட்டும் கேட்டார்.

சிறில் பெண்சாதியைக் காட்டினான். "இவள்தான் ஐயா. வெட்டுறாங்க, இறையுங்க எண்டு விடாம நிண்டவள். இவட தம்பிர பேச்ச நம்பி மோசம் போனன்."

பீற்றிஸ் பொறுக்கச் சொன்னபோது சாலிஹும் பம்படியில் நின்றவன். அவன் வாய் திறக்கவில்லை.

நல்லரத்தினம் சிரித்தார். "அப்ப தோணிக்காரன்ட அக்காதான் என்ட தடாகத்தப் பாக்கிறா. உனக்கு என்னத்துக்குச் சம்பளம்?"

மத்தியானத்துக்குள் சிறிலை வெளிக்கிடச் சொன்னார். நத்தார்ச் சீலைகள் குவிந்து கிடக்கின்றன, விரும்பினால் நீ அறையில் இரு என்று பீற்றிஸிடம் சொன்னார். அவள் சரியென்று தலையாட்டினாள்.

சிறில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. புருசன் போனால் பெண்சாதியும் போவாள். அறைக்குள் அவள் அவனுடைய சாரனையும் சேட்டையும் மட்டும் தகரப்பெட்டியில் அடுக்கினாள்.

"உன்ட உடுப்பு எங்க புள்ள?"

"நான் வரல்ல."

ஊர் என்ன கதைக்கும் என்று கேட்டான்.

"நான்தான் இறைக்கச் சொன்னதெண்டு கதைக்கும். அதத்தானே நீங்க சொன்னீங்க."

அண்ணன் வீட்டுக்கு எப்படித் தனியப் போவது என்றான்.

"கால் இருக்குத்தானே."

பெட்டியை அவன் கையில் கொடுத்தாள். மழை விடட்டும் என்று அவன் வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றான். அவள் அந்தக் காலைத் தன் காலால் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தி, திறப்பைத் திருப்பிப் பூட்டினாள்.