லோர்னா கழித்த ஓட்டு

நவம்பர் 20, புதன்.

ஒரு சிறு தவறு. என் கதையில் எவரெட்டுக்குத் தாடி வைத்துவிட்டேன்.

நேற்று மாலை கதை எழுதும் வகுப்பில் முதல் இரண்டு பக்கங்களை வாசித்தபோது, "நரைத்த தாடியைச் சொறிந்தபடி எவரெட் கணினி முன் உட்கார்ந்தார்" என்றொரு வரி வந்தது. ஆசிரியை மிஸஸ் ஹாலோரன் பென்சிலை உயர்த்தி, "தாடிய நீ பாத்தியா, டெஸ்?" என்றார். பார்க்கவில்லை. என் அப்பாவும் பார்த்ததில்லை. பல வருடங்களாக இணையத்தில் சண்டை போடும் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை என்பதுதான் இந்தக் கதை பிறந்த இடம். அதைச் சொல்லாமல் தாடியைச் சொல்லியிருக்கிறேன்.

தாடியை எடுத்துவிட்டேன். இனி முறையாக.

1. தொடக்கங்கள்

முதலாவது: "அமெரிக்கா இரண்டாகப் பிளந்து கிடந்த அந்த ஆண்டில்..." வேண்டாம். வகுப்பில் ஏற்கெனவே நான்கு பேர் இப்படித் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் எழுதுவது சமையல் குறிப்பு.

இரண்டாவது: "அப்பா நார்பர்ட் குபியாக் குடியரசுக் கட்சி. அம்மா லோர்னா ஜனநாயகக் கட்சி. இருந்தும் அந்தத் திருமணம் நிலைத்ததற்குக் காரணம்—" காரணம் எனக்குத் தெரியவில்லை. வாக்கியம் அங்கேயே நிற்கட்டும்.

மூன்றாவது: அப்பா பழைய டிராக்டர்களை வாங்கி ஓடவைப்பவர். அவரைப் போன்றவர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஓர் இணைய மன்றம் இருக்கிறது. அங்கே டிராக்டர் பகுதியில் அரசியல் பேசக் கூடாது. பேசினால் நிர்வாகி அந்தப் பேச்சை அப்படியே தூக்கி 'பின்கொட்டகை' என்ற பகுதியில் போட்டுவிடுவார். அப்பா வாழ்ந்ததெல்லாம் பின்கொட்டகையில்.

மூன்றாவது பரவாயில்லை. உயிர் இல்லை, ஆனால் பொய்யும் இல்லை.

2. சண்டை

அப்பாவின் பெயர் அங்கே 'வடக்குக்கொட்டகை'. கென்டக்கியில் இருக்கும் எவரெட் ப்ரூயிட்டின் பெயர் 'துருக்கலப்பை'. ஜனநாயகக் கட்சிக்காரர். மாதிரிக்கு ஒன்றை எடுத்து எழுதுகிறேன்.

"யோவ் வடக்கு, உங்க ஆளுங்க வரியக் குறைச்சோம், குறைச்சோம்னு குதிக்கிறாங்களே, யாருக்குய்யா குறைச்சாங்க? உனக்கா? நீ போடுற வண்டிப் படத்தப் பாத்தா அப்படித் தெரியலையே."

"உங்க ஆளுங்கதான் எல்லாத்தையும் இலவசமாத் தர்றாங்களே. எனக்கு ஒரு கார்புரேட்டர் கேட்டு வாங்கிக் குடேன்."

"ஏன், இன்னும் திணறுதா?"

"திணறுது. கழட்டி சுத்தம் பண்ணிட்டேன். அப்பவும் பெட்ரோல் வழியுது."

"அப்ப உள்ள இருக்கிற மிதவையப் பாரு. ஓட்டை விழுந்து முழுகியிருக்கும். உங்க கட்சி மாதிரி."

(மிதவையில் உண்மையாகவே ஓட்டை இருந்தது. அப்பா மூன்று நாள் மன்றத்தில் அதை ஒப்புக்கொள்ளவில்லை.)

எந்தச் சண்டை எப்போது நடந்தது, யார் சொன்னது சரி என்று அட்டவணை போட முயன்றேன். கைவிட்டேன். இருவரும் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறார்கள், கார்புரேட்டர்தான் மாறியிருக்கிறது.

3. கழித்தல்

தேர்தல் நாளன்று அப்பாவும் அம்மாவும் ஒரே வண்டியில் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்குப் போய் ஓட்டுப் போடுவார்கள். அவர் ஓட்டு ஒரு பக்கம், அவள் ஓட்டு மறு பக்கம். ஒன்றை ஒன்று கழித்துவிடும். பிறகு சாலையோர உணவகத்தில் ஆளுக்கொரு துண்டு செர்ரி பை, பழம் வைத்துச் சுட்ட பண்டம். எங்கள் பக்கத்தில் இப்படி நிறையத் தம்பதிகள் உண்டு. "ரெண்டு பேரும் வீட்லயே இருந்துட்டா பெட்ரோல் மிச்சம்" என்று எல்லோரும் சொல்வார்கள். யாரும் வீட்டில் இருப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பின்கொட்டகையில் ஒரே ஒரு சொல் எழுதுவார்: "கழிச்சாச்சு."

எவரெட் அதற்காகவே காத்திருப்பார். "தங்கச்சிக்கு என் நன்றியச் சொல்லு. இங்க கென்டக்கியில எப்பவும் உங்க கட்சிதான் ஜெயிக்கும், என் ஓட்டுக்கு மதிப்பே கிடையாது. உங்க விஸ்கான்சின்லதான் இழுபறி, அங்க லோர்னா போடுறதுதான் எனக்கும் சேத்து. உன்னக் கட்டிக்கிட்டும் அந்தப் பொண்ணுக்கு மூளை கெடல பாரு."

அப்பா இதை அம்மாவிடம் உரக்கப் படித்துக் காட்டுவார். அம்மா, "அவர்கிட்ட சொல்லுங்க, கெடுக்கிறதுக்கு நீங்க ரொம்ப முயற்சி பண்றீங்கன்னு" என்பாள். அதையும் அப்பா நாணயமாக எழுதுவார்.

இந்த வருடம் ஆகஸ்ட்டில் அம்மா இறந்துவிட்டாள். பக்கவாதம். தோட்டத்திலிருந்து பீன்ஸ் பறித்துக்கொண்டு வந்தவள்— (இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று முறை முயன்றேன். முடியவில்லை.)

அப்பா எல்லோருக்கும் சொன்னார். தேவாலயத்துக்கு, உறவினருக்கு, பால் பண்ணைக்காரர்களுக்கு. மன்றத்தில் மட்டும் சொல்லவில்லை. செப்டம்பரில் எவரெட் "தங்கச்சி எப்படி?" என்று கேட்டதற்கு, "நல்லாருக்கா. உன்னக் கேட்டதாச் சொன்னா" என்று எழுதியிருக்கிறார். இதை நான் போன வாரம்தான் பார்த்தேன்.

அக்டோபரில் பின்கொட்டகை கொதித்தது. அப்பாவின் கட்சிக்காரர் ஒருவர், இந்த முறை யாருக்கும் ஓட்டுப் போடப் போவதில்லை என்றார். அப்பா பாய்ந்தார்: "வீட்ல உக்காந்திருக்கிறவன் துரோகி. அவனுக்கு இந்தக் கொட்டகையில பேச வாய் கிடையாது."

தேர்தல் நாளில் எவரெட் எழுதினார்: "என்ன, கழிச்சாச்சா? தங்கச்சிக்கு என் நன்றி."

அப்பா பதில் எழுதவில்லை. அன்றிலிருந்து மன்றத்துக்கே போகவில்லை.

(யார் வென்றார்கள் என்று இங்கே எழுத வேண்டும். எழுதினால் உங்களில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். நான் யாருக்குப் போட்டேன் என்பதும் வேண்டாம்.)

4. எவரெட்டின் கேள்வி

அப்பாவின் டிராக்டர் படங்களை மன்றத்தில் ஏற்றித் தருவது நான்தான். அதனால் எவரெட்டுக்கு என்னைத் தெரியும். ஞாயிறன்று எனக்குத் தனியாக எழுதியிருந்தார்.

"பாப்பா, உங்கப்பாவுக்கு என் மேல கோவமா? பின்கொட்டகையில நான் எழுதினது எல்லாத்தையும் திரும்பப் படிச்சுப் பாத்தேன். திட்டியிருக்கேன், வாஸ்தவம். ஆனா எப்பவும் திட்டுறதுதானே? எங்க ஆளுங்கள்ல சிலபேர் ரொம்பப் பேசிட்டாங்க, அவங்களுக்காகவும் நான் மன்னிப்புக் கேக்குறேன். அவரு இல்லாம எனக்கு வாயாட ஆள் இல்ல. அடுத்த வாரம் நன்றித் திருநாளுக்கு மில்வாக்கியில மகன் வீட்டுக்கு வர்றேன். அங்கேருந்து உங்க ஊர் ரெண்டு மணி நேரம்தான். சனிக்கிழமை ஒரு எட்டு வந்து பாக்கவா? தங்கச்சி கையால ஒரு துண்டு பை சாப்பிட்டுட்டுக் கிளம்பிடுவேன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடு, வருத்தப்பட மாட்டேன்."

கடைசி வரி பொய். இதை எழுதியவரைத்தான் நான் தாடி, தொப்பை, தொப்பி என்று வேடிக்கைப் பாத்திரமாக்கி வைத்திருந்தேன்.

5. இன்று காலை

அப்பா ரொட்டியின் கருகிய பக்கத்தைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எவரெட்டுக்குப் பதில் போடலையாப்பா?"

"போடணும்."

"கோவமா அவர் மேல?"

"அவன் என்ன பண்ணான் பாவம்."

"அம்மா போனத ஏன் அவர்கிட்ட சொல்லல?"

சுரண்டுவதை நிறுத்தினார். "ஊர்ல எங்க போனாலும் தலையச் சாய்ச்சுக்கிட்டு, 'எப்படி இருக்கீங்க நார்பர்ட்'ங்கிறாங்க. ஆணி வாங்கப் போன கடையில கூட. இவன் ஒருத்தன்தான், உன் பொண்டாட்டி உன்ன விட புத்திசாலின்னு இன்னும் திட்டிக்கிட்டிருந்தான். அவன்கிட்ட மட்டும் அவ இன்னும் உயிரோட இருந்தா, டெஸ். அத நிறுத்த எனக்கு மனசு வரல."

ரொட்டியைத் திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தார்.

"ஒரு பொய்யோட விட்டுடலாம்னு பாத்தேன். தேர்தலன்னைக்குக் கழிச்சாச்சான்னு கேட்டுட்டான். கழிச்சாச்சுன்னு எழுதினா, செத்தவ பேர்ல ஓட்டுப் போட்ட மாதிரி." லேசாகச் சிரித்தார். "செத்தவங்க பேர்ல ஓட்டு விழுதுன்னு எப்பவும் கத்துற எங்க கட்சிக்காரன் அத மட்டும் எழுத முடியாது பாரு."

பிறகு சிரிக்கவில்லை.

"நானும் போடல."

"என்னப்பா?"

"சர்ச் வாசல்ல வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். நாங்க ரெண்டு பேரும் போனா பூஜ்யம். நான் மட்டும் உள்ள போனா ஒண்ணு. அவ இல்லாத நேரம் பாத்து ஜெயிச்ச மாதிரி ஆயிடும். வண்டியத் திருப்பிட்டேன்."

"வீட்ல உக்காந்திருக்கிறவன் துரோகின்னு நீங்கதானே எழுதினீங்க?"

இதை நான் கேட்டிருக்கக் கூடாது. விளையாட்டாகத்தான் கேட்டேன். பின்கொட்டகையில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

"ஆமா," என்றார். "அதையும் படிச்சிட்டியா."

(நான் பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை செய்கிறேன். தேர்தலன்று மதிய இடைவேளையில் தனியாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். அப்பாவோடு சேர்ந்து போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இது கதைக்குத் தேவையா? தெரியவில்லை. அடிக்காமல் விடுகிறேன்.)

6. முடிவுகள்

அ. எவரெட் ஒன்றும் தெரியாமல் வருகிறார். அப்பா கதவைத் திறக்கிறார். எவரெட் அவர் தோளுக்கு மேலே சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கிறார். அந்தப் பார்வைக்கு அடுத்த வரியை என்னால் எழுத முடியாது.

ஆ. அப்பா பின்கொட்டகையில் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார். இரண்டு கட்சிக்காரர்களும் சண்டையை மறந்து அனுதாபம் தெரிவிக்கிறார்கள். வகுப்பில் கைதட்டுவார்கள். ஆனால் மறுநாளிலிருந்து மன்றமே தலையைச் சாய்த்து நலம் விசாரிக்கும். அது முடிந்த வாரமே எவனாவது ஒருவன், "அப்ப நீ ஓட்டே போடலையா?" என்று கேட்பான்.

இ. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வர வேண்டாம் என்று நான் எழுதிவிடுகிறேன். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று. இதுதான் சுலபம். இதை எழுதி, அனுப்பும் பொத்தான் வரை போய்விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

7.

நான்கு மணிக்கு, இதுவரை எழுதியதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா கொட்டகையிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தார்.

"அது வகுப்புக்கா?"

"ஆமாப்பா."

"நான் இருக்கனா அதுல?"

"இருக்கீங்க."

"ஓட்டுப் போடாதது?"

"இருக்கு."

"எடுத்துடு."

"சரிப்பா."

துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "எவரெட்டு உனக்கு எழுதினானா?"

காட்டினேன். கண்ணாடி இல்லாமல், திரையைத் தள்ளி வைத்துப் படித்தார். 'தங்கச்சி கையால' என்ற இடத்தில் நின்றார் என்று நினைக்கிறேன். (நினைக்கிறேன்தான். பார்க்கவில்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

"வரச் சொல்லு," என்றார். "ஆனா இங்க வந்து தெரிஞ்சுக்க வேணாம். முன்னாடியே எழுதிடு."

"நானா? நீங்க எழுதுங்கப்பா."

"நான் ரெண்டு வாரமா எழுதிப் பாக்குறேன். நீதான் காசு கட்டி எழுதக் கத்துக்கிறியே, நீ எழுது. ஓட்டுப் போடாததையும் அவனுக்குச் சொல்லு. அவனுக்கு மட்டும்."

"எப்படி எழுதட்டும்?"

வாசலில் நின்று யோசித்தார். "அழுகிற மாதிரி எழுதாத. என்னைத் திட்டுறதுக்கு அவனுக்கு ஏதாச்சும் மிச்சம் வை."

எவரெட் வருவாரா, வந்தால் எப்படிப் பேசுவார், பழையபடி வாயாடுவாரா, அவரும் தலையைச் சாய்ப்பாரா என்பது எனக்குத் தெரியாது. அதைக் கற்பனை செய்யும் உரிமையை இன்று நான் இழந்துவிட்டேன், உங்களிடம் விடுகிறேன். எடுத்துவிடு என்று அப்பா சொன்ன பகுதியை நீங்கள் படித்துவிட்டீர்கள். ஒன்று, அப்பா பிறகு சம்மதித்திருக்க வேண்டும். அல்லது நான் சொல் மீறியிருக்க வேண்டும். எது என்று நான் சொல்லப் போவதில்லை.

நாளை, வியாழன்: வேலைக்குக் கிளம்பும் முன் எவரெட்டுக்கு எழுத வேண்டும். அம்மா இறந்தது முதல் வரியில். அப்பா ஓட்டுப் போடாதது இரண்டாவது வரியில். அனுப்பும் முன் அப்பாவிடம் படித்துக் காட்ட வேண்டும். வகுப்புக்கு வேறு கதை எழுத வேண்டும்.